பதிமூணு நாள் நிக்காத சத்தம்

அந்தக் காதுல மாட்டியிருக்கறதை இப்பிடிக் குடுங்க தம்பி. ஒண்ணும் பண்ணிர மாட்டனுங்க. தாராபுரத்துல ஏறுனதுலயிருந்து பாத்துட்டுத்தான் வர்றேன். இடது பக்கத்தைக் கழட்டறீங்க, தட்டறீங்க, ஊதறீங்க, மறுக்கா மாட்டறீங்க. அந்தப் பக்கம் சத்தம் வரலை, அதானுங்களே? ஒயரைப் போட்டு முறுக்காதீங்க, பாவம். ஒயர்ல ஒண்ணும் இருக்காது. சத்தம் படக்குன்னு நின்னா ஒயரு. கொஞ்சங்கொஞ்சமாக் கம்மியாகி நின்னா அழுக்கு. முப்பத்தோரு வருசம் சினிமாக் கொட்டாயில ஆபரேட்டரா இருந்தவன் சொல்றேன், நம்புங்க. என்கிட்ட ஊக்கு ஒண்ணு இருக்குது. நான் கோவில்வழியில எறங்கறதுக்குள்ள நோண்டி எடுத்துக் குடுத்தர்றேன்.

அதுக்குப் பதிலா நீங்க ஒண்ணு பண்ணுங்க. இந்த மஞ்சப்பையை மடியில வெச்சுக்கங்க. கீழ வெக்கப்படாதுங்க, கோடிச்சேலை இருக்குது.

எழவுக்குத்தான் போறேன். என்ற தங்கச்சி ஊட்டுக்காரன் தவறிட்டான். திருமூர்த்தின்னு பேரு. நேத்துப் பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, போயிட்டானாமா. மூணு மணிக்கு எடுக்கறாங்க. பொறந்தவன் கோடி வரோணுமில்லீங்களா? எங்க பக்கத்துல அதுதான் மொறை. புருசன் செத்தா, பொண்ணோட கூடப்பொறந்தவன் சேலை, பூ, சந்தனம், குங்குமம் எல்லாம் கொண்டு போகோணும். கடைசியா ஒருக்கா அவளுக்குப் பொட்டு வெச்சு, பூ வெச்சு, அப்பறம்தான் அதையெல்லாம் எடுப்பாங்க. பொறந்தவன் வர்ற வரைக்கும் பொணத்தை எடுக்க மாட்டாங்க. எங்கப்பனுக்கு நான் ஒருத்தன், அவ ஒருத்தி. வேற ஆளு இல்லை.

ஆனா பாருங்க தம்பி, எனக்குத் தாக்கல் சொல்லலை. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கா. எங்க பெரியம்மா மகன் செல்லமுத்துவுக்குச் சொல்லியிருக்கா. அவன் பக்கத்து ஊட்டுக்காரனுக்குக்கூடச் சொல்லியிருக்கா. கூடப்பொறந்தவன், நாச்சிமுத்துன்னு ஒருத்தன் உசுரோட இருக்கறேன், எனக்குச் சொல்லலை. செல்லமுத்து போன் பண்ணித்தான் தெரிஞ்சுது. வெசனமாத்தானுங்க இருக்குது. பதிநாலு வருசமா என்ற ஊட்டு வாசப்படி மிதிக்கலை அவ. எதுக்குங்கறீங்க? ஒரு டிஸ்க்குக்காக. கேளுங்க, கேட்டுப்போட்டு நீங்களே நாயஞ் சொல்லுங்க.

எங்க ஊருல செல்லாண்டி டாக்கீஸ்னு ஒண்ணு இருந்துச்சு. மொதலாளி சென்னியப்பன். கொட்டாயி பழசுதான், ஆனா சுத்துப்பட்டுல டிஜிட்டல் சத்தம் மொதல்ல போட்டது நாங்கதான். நீங்க சின்னப் பையன், அது உங்களுக்குத் தெரியாது. படம் பிலிம்ல ஓடும். சத்தம் பிலிம்ல இருக்காது. படப்பொட்டியோட ரெண்டு டிஸ்க்கு வரும், பாட்டு சீடி மாதிரியே இருக்கும். அதை ஒரு பொட்டியில, மேல் தட்டுல ஒண்ணு, கீழ் தட்டுல ஒண்ணுன்னு போடோணும். பிலிம் ஓரத்துல புள்ளி புள்ளியா இருக்கும். அந்தப் புள்ளியைப் பாத்துப் பாத்து, இந்தப் பொட்டி படத்துக்குச் சரியாச் சத்தத்தைக் குடுக்கும். அடி விழுந்தா நாலு பக்கமும் விழும். மழை பேஞ்சா சனம் தலையைத் தடவிப் பாக்கும். அப்பிடி இருக்கும்.

டிஸ்க்கைப் படிக்க முடியலைன்னு வெச்சுக்கங்க, பொட்டியில செகப்பா லைட்டு எரிஞ்சு 'டிஸ்க் எர்ரர்'னு வரும். உடனே தானா பழைய சத்தத்துக்கு மாறிக்கும். திரைக்குப் பொறத்தால ஒரே ஒரு ஸ்பீக்கரு, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. அதுவரைக்கும் நாலு பக்கமும் கேட்ட சனம் சும்மா இருக்குமா? செருப்பு வரும் திரைக்கு.

திருமூர்த்தியை நாந்தான் அங்க வேலைக்குச் சேத்துவிட்டேன். என்ற தங்கச்சி ருக்குமணிக்கு நான் பாத்துக் கட்டிவெச்ச மாப்ளைங்க அவன். ஐ.டி.ஐ. படிச்சவன். நல்ல வேலைக்காரன், அதைச் சொல்லாம இருக்கக் கூடாது. ஸ்பீக்கர்ல ஈ உக்காந்தாக்கூட, அது எந்த ஸ்பீக்கர்னு சொல்லுவான். வெடியாலக் காட்சியும், அதானுங்க காலை ஆட்டம், மேட்னியும் நானு. பொழுதோட ரெண்டு ஆட்டமும் அவன். அப்பிடிப் பிரிச்சுக்கிட்டோம்.

ஒண்ணே ஒண்ணுதான் அவன்கிட்ட ஆகாதது. சாமி பயம் இல்லை. கோயிலுக்கு வருவான், வெளிய நின்னு செருப்பைப் பாத்துக்குவான். நான் அப்பிடி இல்லீங்க. மிசினுன்னா என்ன, சோறு போடற சாமிதானே? தெனம் வெடியால குளிச்சுட்டுப் போயி, புரொஜக்டருக்குப் பொட்டு வெப்பேன். டிஜிட்டல் பொட்டி வந்ததுக்கு அப்பறம் அதுக்கும் வெச்சேன். டிஸ்க்குக்கும் வெச்சேன். பளபளன்னு இருக்கற பக்கம் வெக்க மாட்டனுங்க, நான் என்ன கிறுக்கனா? எழுத்து இருக்கற பக்கந்தான். ஒரு டிஸ்க்குக்கு ஒரு பொட்டு. சந்தனம் கொழைச்சு வட்டமா, நடுவுல குங்குமம். பழைய பொட்டைத் தொடைக்கவும் மாட்டேன். சாமிக்கு வெச்சதைத் தொடைக்கலாமுங்களா? அதும் மேலயே புதுசு. டிஸ்க்கைத் தட்டுல வெச்சு உள்ள தள்ளறப்ப, கோயில்ல தட்டம் போறமாதிரி அம்சமாப் போகும்.

ஒரு புரட்டாசியில ஆரம்பிச்சுதுங்க. பொழுதோட ஆறரை ஆட்டத்துல, இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல நிக்குது. டிஸ்க் எர்ரர். மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும் அதே. இப்ப இதைக் கவனமாக் கேளுங்க தம்பி. நான் ஓட்டற வெடியாலக் காட்சியில நிக்கலை. மேட்னியில நிக்கலை. அவன் வந்து உக்காந்தாத்தான் நிக்குது. ஒரு நா இல்லை, ரெண்டு நா இல்லை, தெனமும். இதுக்கு என்னங்க அர்த்தம்? சின்னப் புள்ளைகூடச் சொல்லும்.

அவன் என்னென்னமோ பண்ணினான். மேல் தட்டு டிஸ்க்கைக் கீழ் தட்டுல போட்டுப் பாத்தான். கீழ இருக்கறதை மேல போட்டான். தப்பு டிஸ்க்குல இருந்தா டிஸ்க்கோட போகும், தட்டுல இருந்தா தட்டுலயே நிக்கும், அதுதான் கண்டுபிடிக்கற வழி. எனக்கும் தெரியும். ஆனா அது டிஸ்க்கோடவும் போச்சு, தட்டுலயும் நின்னுச்சு. அப்பறம் ஒரு நா பொட்டியக் கழட்டிப் பாத்துப்போட்டு என்கிட்ட வந்தான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. பொட்டுதான் மச்சான்"ங்கறான்.

"எந்தப் பொட்டு?"

"டிஸ்க்குல வெக்கறீங்களே, அது. காலையில ஈரமா இருக்குது, ஒட்டிக்கிட்டு நிக்குது. பொழுதோட காஞ்சு போயிருதுங்க. டிஸ்க்கு சுத்தற வேகத்துல பொடிப்பொடியா உதிருது. உள்ள டிஸ்க்கைப் படிக்கற சின்னக் கண்ணாடி மேல போயி விழுகுது. ராத்திரி நான் பஞ்சுல தொடச்சுட்டுப் போறேன், அதனாலதான் உங்களுக்குக் காலையில ஓடுது."

எப்பிடி இருக்குது பாருங்க கதை. என்ற ஆட்டம் ஓடறதே அவன் தயவுலதானாமா! மாப்ளையை நாங்க வாங்க போங்கன்னுதான் கூப்புடுவோம். அன்னைக்குத்தான் மொதத்தடவை "டேய்"னு சொல்லிட்டேன். "டேய், சாமிப் பொட்டுல கையை வெச்சீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்"னு சொன்னேன். அதுக்கு அப்பறம் கேபினுக்குள்ள பொட்டைப் பத்தி அவன் வாயத் தொறக்கலை. நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

தீபாவளி வந்துச்சு. பெரிய படம். தீபாவளிக்கு மறுநாள் வெடியால, ருக்குமணி ஊட்டுக்குப் பலகாரம் கொண்டு போனனுங்க. அண்ணன் ஊட்டுப் பலகாரம் போகாம அவளுக்குத் தீபாவளி ஏது? "கண்ணு"ன்னு கூப்புட்டுக்கிட்டே உள்ள போறேன். சமையக்கட்டுல, சோறு திங்கற வட்டல்ல தண்ணி ஊத்தி, அதுல டிஸ்க்கு கெடக்குது தம்பி! ரெண்டாவது டிஸ்க்கு. எங்க கொட்டாயி டிஸ்க்கு. பக்கத்துல வெள்ளைத் துணி, பஞ்சு.

நான் பாத்ததைப் பாத்துட்டு ருக்குமணி பதறிப்போயிட்டா. "அண்ணா, கழுவத்தாண்ணா கொண்டாந்தாரு. அங்க தொடச்சா நீ சத்தம் போடுவியாமா. காலையில ஆட்டத்துக்கு முன்னாடி கொண்டுபோயி வெச்சிருவாரு"ன்னா.

கழுவறதுக்காமா! எதுக்குங்க கழுவோணும்? அதுல என்ன அழுக்கு இருக்குது? தெனம் பொட்டு வெச்சு, பூப் போட்டு வெச்சிருக்கற பொருளுங்க அது.

அப்ப திருட்டு சீடி காலம். படம் வந்த மூணாம் நாளு பஸ் ஸ்டாண்டுல விப்பானுங்க. சத்தம் மட்டும் நல்லாக் கெடைச்சாப் போதும், நல்ல வெலைக்கு வாங்கிக்கறவன் இருந்தான். என்ற மனசுல அது ஓடுச்சு. பலகாரத் தூக்கை வெச்சுப்போட்டு வந்துட்டேன்.

அன்னைக்குப் பொழுதோட மொதலாளி சம்பந்தி ஊட்டோட பால்கனியில உக்காந்திருக்காரு. புதுச் சம்பந்தி. "எங்க கொட்டாயிச் சத்தத்தைக் கேளுங்க"ன்னு கூட்டியாந்திருக்காரு. நான் ஊட்டுக்குப் போகலை, கேபின்லயே இருந்தேன். இடைவேளை முடிஞ்சு, பெரிய சண்டை, ஆயிரம் பேரு எந்திரிச்சு நின்னு விசிலடிக்கறான். நின்னுச்சுங்க. செகப்பு லைட்டு. கெணத்துச் சத்தம். ஆமா தம்பி, கழுவுன டிஸ்க்குதான். கழுவி என்ன ஆச்சு? அவன் வெடியால கொண்டாந்து வெச்சான், நான் அதுல புதுசாப் பொட்டு வெச்சுத்தான் ஆட்டத்தை ஆரம்பிச்சேன். அப்பவும் நின்னுச்சில்ல? அப்ப தப்பு பொட்டுல இல்லைதானே? நீங்க என்ன அப்பிடிப் பாக்கறீங்க?

சனம் சீட்டைக் கிழிச்சுப்போட்டாங்க. மொதலாளி கேபினுக்கு ஏறி வந்தாரு. மூஞ்சி செவந்து கெடக்குது. திருமூர்த்தி பொட்டியக் கழட்டிட்டு இருக்கான், கையில பஞ்சு. மொதலாளி அவனைப் பாக்கலை, என்னைப் பாத்தாரு. "நாச்சிமுத்து, என்ன இது?"ன்னாரு.

நான் சொல்லிப்போட்டேன். டிஸ்க்கு இவன் ஊட்டுக்குப் போகுதுங்க, என்ற கண்ணால பாத்தேன்னு சொல்லிப்போட்டேன். பொய் சொல்லலீங்க. பாத்ததைச் சொன்னேன். பாக்காத ஒரு வார்த்தைகூட நான் சொல்லலை. எதுக்குக் கொண்டுபோறான்னு மொதலாளி கேட்டாரு. "அது எனக்கெப்பிடிங்க தெரியும்"னு சொன்னேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

மொதலாளி போலீசுக்குச் சொல்லிப்போட்டாரு. அவனை ரெண்டு நா ஸ்டேசன்ல உக்கார வெச்சுட்டு விட்டுட்டாங்க. கேஸ் ஒண்ணும் இல்லை. ஆனா கொட்டாயிக்காரங்களுக்குள்ள பேச்சுப் போயிருச்சு, டிஸ்க்கு விக்கற ஆளுன்னு. உடுமலையில கேட்டான், பல்லடத்துல கேட்டான், கேபின் பக்கமே யாரும் விடலை. திருப்பூருக்குப் போயி சாயப்பட்டறையில சேந்துட்டான். ஸ்பீக்கர்ல ஈ உக்காந்தாச் சொல்றவன், நாளெல்லாம் சாயத் தண்ணியில நின்னான். போறதுக்கு முந்தின நா ருக்குமணி என்ற வாசல்ல வந்து நின்னா. "மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுண்ணா. கழுவத்தான் கொண்டுபோனாருன்னு சொல்லுண்ணா. உனக்குத் தெரியுமில்ல?"ன்னா. எனக்கெப்பிடித் தெரியும்னு அவளையும் கேட்டேன்.

சரி, போனான். போனா நின்னுரோணுமில்லீங்களா, பிரச்சனை? நிக்கலை. அதுதான் எனக்கு வெளங்கலை. நாலு ஆட்டமும் நானே ஓட்டறேன். மொதல்ல பொழுதோட நின்னுட்டு இருந்தது, அப்பறம் மேட்னியில நின்னுச்சு, அப்பறம் வெடியாலயே நின்னுச்சு. போறப்ப என்னமோ பண்ணிப்போட்டுத்தான் போயிருக்கான்னு நெனச்சேன். எலுமிச்சம்பழம் சுத்தினேன். சாம்பிராணி போட்டேன். பொட்டை இன்னும் கொஞ்சம் பெருசா வெச்சேன்.

கோயமுத்தூர்லயிருந்து சர்வீஸ் இன்சினியர் வந்தாரு. ஜெரால்டுன்னு, கண்ணாடி போட்ட ஆளு. பொட்டியத் தொறந்து, பஞ்சை நனைச்சு, உள்ள இருக்கற அந்தச் சின்னக் கண்ணாடி மேல ஒரே ஒரு இழுப்பு இழுத்தாரு. பஞ்சு மஞ்சளா வந்துச்சு. மோந்து பாத்தாரு. என்ற மூஞ்சிக்கிட்ட நீட்டி, "நீங்களே மோந்து பாருங்க"ன்னாரு. நான் மோக்கலை. எங்க ஊருல புழுதி அப்பிடித்தாங்க இருக்கும்னு சொன்னேன். அவரு சிரிச்சுப்போட்டு, "உங்க ஊருப் புழுதி கமகமன்னு மணக்குதுங்களே"ன்னுட்டுப் போயிட்டாரு. வெளியூர்க்காரனுக்கு நக்கலு.

ஆடியில எங்கம்மா தவறிட்டாங்க. ருக்குமணி வந்தா. திருமூர்த்தியும் வந்தான், தெருவுலயே நின்னுட்டு, பாடையத் தூக்கறப்ப மட்டும் வந்து தோள் குடுத்தான். நான் குடுக்காதேங்கலை. பொம்பளைக அழுதுட்டு இருக்கறப்ப ருக்குமணி எந்திரிச்சு என்கிட்ட வந்தா. ஒப்பாரியில சொல்ற மாதிரி இல்லீங்க, சாதாரணமாச் சொன்னா. "அண்ணா, பொட்டு வெக்காம ஓட்டிப் பாருண்ணா. அவ்வளவுதான் நான் கேக்கறது. அப்பவும் நின்னுச்சுன்னா, அவரு திருடன்னு நானே ஒத்துக்கறேன். உன்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்"னா.

அம்மா கெடக்கறாங்க, அங்க வெச்சு என்ன பேசறது.

எனக்குப் பதிலா ரெண்டு நா உடுமலைக்காரரு ஒருத்தரு வந்து ஓட்டினாரு. மூணாம் நா நான் வேலைக்குப் போயிப் பாத்தா, பொட்டி தொடச்சுக் கெடக்குது. டிஸ்க்கைத் திருப்பிப் பாக்கறேன், பொட்டே இல்லை. அந்த மனுசன் எல்லாத்தையும் ஈரத்துணி போட்டு வழிச்சுப்போட்டாரு. எனக்குத் தீட்டு. கருமாதி முடியற வரைக்கும் நான் சந்தனம் தொடப்படாது. அப்பிடியே போட்டு ஓட்டினேன்.

ஓடுச்சுங்க.

அன்னைக்கு ஓடுச்சு. மறுநா ஓடுச்சு. வெடியால, மேட்னி, பொழுதோட ரெண்டு ஆட்டம். ஆடிக்காத்துல ஊரெல்லாம் புழுதி பறக்குது, கேபின் சன்னல் சாத்தவே முடியலை, பொட்டி மக்கர் பண்ணலை. மூணாம் நாள்லயிருந்து பதினஞ்சாம் நா வரைக்கும், பதிமூணு நா. செகப்பு லைட்டு ஒருக்காக்கூட எரியலை. அம்மாதான் சாமியா நின்னு காக்கறாங்கன்னு நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன். நெனச்சா நம்பிக்கலாம்னு இருந்துச்சு. தெனம் பொழுதோட ஆட்டம் ஆரம்பிச்சா, என்ற கண்ணு அந்த லைட்டுலயே இருக்கும். எரியாதான்னு இருந்துச்சுங்க. ஆமா தம்பி, நீங்க கேட்டது சரிதான். எரியட்டும்னுதான் பாத்துட்டு இருந்தேன்.

பதினாறாம் நா கருமாதி. ருக்குமணி வந்தா. ஆத்துல எல்லாம் முடிச்சு, எல போட்டு உக்காந்திருக்கறோம். பக்கத்துல வந்து உக்காந்து மெதுவாக் கேட்டா. "அண்ணா, ஓடுச்சா?"

ஒரு வார்த்தைங்க. ஓடுச்சு கண்ணுன்னு ஒரு வார்த்தை. அவ மூஞ்சியப் பாத்தேன். தெரிஞ்சுக்கிட்டே கேக்கற மாதிரி இருந்துச்சு. சுத்தி ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் உக்காந்திருக்குது, எதுத்தால மொதலாளி உக்காந்திருக்காரு.

"நின்னுச்சு. தெனமும் நிக்குது"ன்னு சொல்லிட்டேன்.

எதுக்குச் சொன்னேன்னு கேக்காதீங்க. வாயில வந்துருச்சு. அவ எந்திரிச்சுப் போயிக் கையைக் கழுவிட்டா. சோத்துல கை வெக்கவேயில்லை. போனவதான். கொட்டாயி மூடினப்பவும் வரலை, நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் வரலை.

அன்னைக்குப் பொழுதோட தீட்டுக் கழிஞ்சு, நல்லாப் பெருசாப் பொட்டு வெச்சனுங்க. ரெண்டாவது ஆட்டத்துல நின்னுச்சு. நின்னப்ப எனக்கு, வெக்கங்கெட்டுச் சொல்றேன், நிம்மதியா இருந்துச்சு. நான் சொன்னது பொய்யில்லைன்னு ஆயிருச்சில்லீங்களா? நிக்குதுன்னு சொன்னேன், நின்னுச்சு.

அதோட விட்டிருந்தா இன்னைக்கு நான் பேசாம வந்து எறங்கியிருப்பேன், உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன். வெடியால செல்லமுத்து போன் பண்ணினான்னு சொன்னனில்ல? அவன் எழவைச் சொல்லிட்டு, இன்னொண்ணும் சொன்னான். அவன் அதைச் சாதாரணமாத்தான் சொன்னான், செத்தவனைப் பத்தி நாலு நல்லது பேசற மாதிரி.

திருமூர்த்தி மன்னிப்புக் கேக்கவே வந்தானாமா தம்பி. ரெண்டு தடவை தாராபுரம் வரைக்கும் வந்துட்டு, என்ற மூஞ்சியப் பாக்கக் கூச்சப்பட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டானாமா. பட்டறையிலயிருந்து வந்தான்னா ஒரு நோட்டை எடுத்துட்டு உக்காந்துக்குவானாமா. அந்தப் பொட்டியப் படம் போடுவானாமா. மேல் தட்டு, கீழ் தட்டு, கண்ணாடி, எல்லா ஒயரும். "பொட்டு இல்லாமயும் நின்னுச்சுன்னா தப்பு வேற எங்கியோ இருக்குது. நாந்தான் சரியாப் பாக்கலை. மச்சான் சாமிக்குச் செஞ்சதைப் போயி வீணாக் குத்தம் சொல்லிட்டேன்"னு சொல்லுவானாமா. ருக்குமணி, "அண்ணன் பொய் சொல்லியிருக்குமுங்க"ன்னு சொன்னா, அவளை வைவானாமா. "அம்மா கருமாதியில யாராச்சும் பொய் சொல்லுவாங்களா"ன்னு கேப்பானாமா.

நோட்டு ஏழெட்டு இருக்குதாமா.

நெஞ்சுல சாயம் எறங்கிருச்சுன்னு டாக்டரு சொன்னாங்களாமா. முந்தாநேத்து மூக்குல கொழா மாட்டியிருக்கறப்ப, ருக்குமணியக் கிட்டக் கூப்புட்டானாமா. என்னமோ சொல்லப்போறான்னு அவ காதைக் கொண்டுபோயிருக்கா. "பவர் சப்ளையா இருக்குமோ?"ன்னு கேட்டானாமா.

அது பவர் சப்ளை இல்லீங்க.

செல்லமுத்துகிட்டச் சரி வர்றேன்னு வெச்சுட்டேன். பதிநாலு வருசம் நான் என்ன நெனச்சுட்டு இருந்தேன் தெரியுங்களா? அவன் என்னை வைஞ்சுட்டு இருப்பான்னு நெனச்சேன். அப்பிடி இருந்தா நல்லா இருந்துருக்குமுங்க. வைஞ்சிருந்தா இன்னைக்கு நான் தைரியமாப் போயி நின்னுருவேன்.

இப்ப போயி யாருகிட்டச் சொல்றது? சொன்னா அவனுக்குக் கேக்குமா? அவகிட்டச் சொல்லலாம்தான். இன்னைக்கா? இவன் கெடக்கறப்பவா? பொறவு ஒரு நாச் சொல்லலாம்னா, இன்னைக்கு விட்டா என்னை அந்தத் தெருவுல யாரு விடப்போறாங்க? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. வேண்டாம், சொல்லாதீங்க. நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்.

இந்தாங்க, இதைப் போட்டுப் பாருங்க. வருதுங்களா? ரெண்டு பக்கமும்? பாத்தீங்களா, நான் சொன்னனில்ல. இத்துனூண்டுதான் இருந்துச்சு, நகத்துல வெச்சா கண்ணுக்குத் தெரியாது. இதுக்குப் போயி ஒயரை முறுக்கிட்டு இருந்தீங்க.

கோவில்வழிங்களா? கண்டக்டரய்யா, ஒரு நிமிசமுங்க, எறங்கறேன். பையைக் குடுங்க தம்பி. கனமா ஒண்ணும் இல்லை, சேலையும் பூவுந்தான். டப்பாவுல சந்தனம் இருக்குது. அங்க போயிக் கொழைச்சுக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் கையிப் பழக்கத்துல, வெடியாலயே கொழைச்சு எடுத்துட்டு வந்துட்டேன். அவ நெத்தியில நாந்தான் வெக்கோணும்.

இந்நேரம் காஞ்சுபோயிருக்குமுங்க.